‘யல்லா, பை’ சொல்லாதவளுக்கு

இன்று காலை உன் மகள் உன் கைப்பேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உறையில் இன்னும் மிளகு வாசம். “அந்தம்மா தெனமும் பேசி அனுப்புதுங்க. எனக்குப் பாஷை தெரியாதுங்க, நீங்களே சொல்லிருங்க” என்றாள். நீ போய்ப் பதினொரு நாள். இஸ்ரேலில் எட்டு வருடம் நீ கவனித்துக்கொண்ட அந்த முதியவளுக்கு அது தெரியாது.

வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுத, உங்கள் மலையிலுள்ள வளப்பூர் நாட்டுக்கு வந்தவள் நான். செய்தி அச்சான பிறகும் நீ அங்கே பழகிய எபிரேயத்தைக் கற்க வந்துகொண்டிருந்தேன். “பொஸ்தகத்துல இருக்கறாப்பல பேசுனனா, அந்தம்மா உழுந்து உழுந்து சிரிக்குது” என்றாய். சந்தையிலும் மருந்துக்கடையிலும் நீ பொறுக்கிய சொற்களைத்தான் எனக்குத் தந்தாய். எல்லாம் சரி என்றால் ‘சபாபா’. ஒரே குளறுபடி என்றால் ‘பலகான்’. யாரிடம் சொல்லலாம், எந்தக் குரலில் என்று துருவுவேன். “ஏம்புள்ள, பேட்டி எடுக்கறியா, பேசக் கத்துக்கறியா?” என்பாய். முள்ளுக்குறிச்சி பேருந்தில் நெரிசலைப் பார்த்து நான் “பலகான்!” என்றதும் நடத்துனர் திரும்பினார். “ஏனுங்கக்கா, என்னையவா வைதீங்க?” “இல்லீங்க, பஸ்ஸத்தானுங்க” என்று நீ காப்பாற்றினாய்.

ஒன்றை மட்டும் நீ வாயில் எடுத்ததில்லை. விடைபெறும்போது அங்கே எல்லோரும் சொல்லும் ‘யல்லா, பை’. “போறப்ப போறேன்னு எப்படிப் புள்ள சொல்றது?” வேலை முடிந்து கிளம்பிய அன்று, நம் வழக்கப்படி ‘போய்ட்டு வாரேன்’ என்பதை அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வந்தாய். அந்தம்மா அதை வாக்காக எடுத்துக்கொண்டார். நான்கு வருடமாக உன் கட்டிலை யாருக்கும் தரவில்லை. புதிதாக வந்த பணிப்பெண் கூடத்தில் படுக்கிறாள். நெசத்தச் சொல்லிரட்டுமா என்று என்னிடம் கேட்பாய், சொல்லாமலே விட்டாய்.

மதியம் அந்தம்மாவை அழைத்தேன். அரைகுறை ஆங்கிலமும் நீ தந்த சொற்களுமாக, நீ இறந்ததைச் சொன்னேன். திரும்பி வருவதாகச் சொன்னது, எங்கள் ஊரில் வாசல் இறங்கும்போது எல்லோரும் சொல்வதுதான் என்பதையும் சொன்னேன்.

“எல்லோரிடமுமா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

பிறகு, “ஹவால்” என்றார்.

நீ சொல்லித்தராத சொல். பழக்கம் விடவில்லை, அர்த்தம் கேட்டேன். அழுதுகொண்டே விளக்கினார். பேருந்தைத் தவறவிட்டால் சொல்வார்களாம். தேநீர் ஆறிப்போனால் சொல்வார்களாம். ஆள் போனாலும் அதுவேதானாம். என் உச்சரிப்பு சரியில்லை என்று மூன்று முறை சொல்லவைத்தார். மூன்றாம் முறை சரியாக வந்தது.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் சொன்னது உனக்காகத்தான்.