பெந்தெகொஸ்தே நாளில் பச்சை உடுப்பு

இயேசு மரி சூசை துணை

தண்டலம்,
12-6-1979

அன்பு மகள் கிளாராவுக்கு அப்பா அமிர்தநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், என் கண்கள் நீங்கலாக. அதைப் பற்றியே இக்கடிதம்.

பேரன் சாலமோன் மரத்துக்குப் பழுப்பு இலை தீட்டுகிறான், பள்ளியில் மந்தம் என்கிறார்கள், பம்பாய் டாக்டரோ இது நிறக்குருடு, தாய் வழியாக வருவது என்றார், அன்று முதல் மாமியார் உன் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று எழுதி, அவன் வரைந்த அந்தப் படத்தையும் அனுப்பி, நம் குடும்பத்தில் எவருக்கேனும் இது உண்டா என்று கேட்டிருந்தாய். நம் வம்சத்தில் அப்படியொரு குறை கிடையாது, சம்பந்தியம்மாள் தம் பக்கத்தை விசாரிக்கட்டும் என்று கடுமையாகவே பதில் எழுதி, தபாலில் சேர்க்குமுன் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்போ பெந்தெகொஸ்தேவுக்குச் சாமியாருக்கு இன்னாத்துக்குப் பச்சை உடுப்பு எடுத்து வெச்சீங்க என்றாள். முறைப்படி சிவப்பைத்தான் வைத்தேன் என்றேன். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

எந்தத் திருநாளுக்குச் சாமியார் எந்த நிற உடுப்பு அணிய வேண்டும் என்பதில் நான் எவ்வளவு கண்டிப்பானவன் என்பதை நீ அறிவாய். ஆனால் இத்தனை காலமும் கோயில் பீரோவில் அடுக்கின் வரிசையைக் கொண்டே எடுத்து வந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது. சுண்ணாம்பு அடித்தபோது கோயில்பிள்ளை ஏசுதாஸ் வரிசையை மாற்றிவிட்டான். கேட்டால், சாரு எடுத்து வெச்சா சட்டம், நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு வாயை மூடிக்கினு இருந்தேன் என்கிறான். புதிதாய் வந்த இளைய சாமியாரோ, ரோமிலிருந்து ஏதோ சுற்றறிக்கை வந்திருக்கும் என்றெண்ணி அணிந்துகொண்டாராம். மணிமங்கலத்திலிருந்து பூசைக்கு வந்தவர்கள், தங்கள் ஊருக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்களாம்.

ஆகவே சென்னைக்குச் சென்று, பரம்பரைக் கோளாறுகளைக் கவனிக்கும் ஒரு டாக்டரம்மாளைப் பார்த்தோம். வண்ணப் புள்ளிகள் அச்சடித்த புத்தகத்தை விரித்து, எண் தெரிகிறதா என்றார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிரதியில் பல பக்கங்களில் எண்கள் அச்சாகவில்லை, நல்ல பிரதி இருந்தால் கொடுங்கள் என்று மரியாதையுடன் தெரிவித்தேன். அவர் புத்தகத்தை உன் அம்மா பக்கம் திருப்பினார். அவள் பஸ் நம்பர் சொல்வதுபோல் மளமளவென்று சொல்லிவிட்டு, அச்சாபீஸ் மேல மொட்டைக் கடுதாசி போட்றாதீங்க என்றாள். டாக்டரம்மாள் மேசைக்கடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அவர் கூறியதை அப்படியே தருகிறேன். என் தாய் வழியாக எனக்கு வந்தது, உன்னிடம் வெளிப்படாமல், உன் வழியாகப் பேரனை அடைந்திருக்கிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருந்தும் கிடையாது, தேவையுமில்லை. இனிப் பிறக்கப்போகும் குழந்தை ஆணாயின் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்ணாயின், மாப்பிள்ளைக்கும் இக்குறை இருந்தாலன்றி வராது. ஆதலால் அவரும் ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிடுவது நல்லது, அச்சகத்தாரைக் குறை கூறாமல். இந்தப் பத்தியைச் சம்பந்தியம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. இதைக் கொடுத்தவன் நான், உன் மேல் குற்றமில்லை. அவர்களுக்குக் கோபமிருந்தால் தண்டலம் முகவரிக்கு எழுதட்டும், முறைப்படி பதில் தருவேன்.

பேரனுக்கு ஒரு பெட்டி வண்ணக்குச்சி பார்சலில் அனுப்பியுள்ளேன். ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் அம்மா சரிபார்த்து, பாதியைக் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டினாள். டீச்சரிடம் விவரத்தைச் சொல்லி, அவனை முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல். மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடு, பளு தூக்காதே. தேவமாதா உங்கள் அனைவரையும் காப்பாராக.

அவன் வரைந்த மரத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ம. அமிர்தநாதன்