கல்லில் இருந்ததை வாசித்தேன், ஹாக்கோப் அண்ணை

என்றும் நெஞ்சில் இருக்கும் ஹாக்கோப் அண்ணைக்கு,

இது என் கையெழுத்து. நம்புங்கள்! எழுபத்தாறு வயதில், கோயில் மண்டப வகுப்பில், முதலில் தமிழும் பிறகு இங்கிலீசும் படித்தேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் எல்லாப் பாசையும் விளங்கும்தானே?

வெஸ்ட் ஈலிங்கில் என் வீட்டருகே உள்ள பூங்காவில் உங்கள் ஆர்மேனியச் சனத்துக்கு ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். ஆளுயரக் கல். அதில் பெரிய சிலுவை, சுற்றிவரப் பூவேலை.

நாங்கள் இருவரும் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருநாள் அவரிடம், உங்கள் சனத்தைப் பாலைவனத்தில் நடத்திக் கொன்றதையும், சிறுவனாக இருந்த உங்கள் தகப்பன் மட்டும் தப்பியதையும் சொன்னீர்கள். “அப்படி ஒண்டும் நடக்கேல்லை” என்று சூப்பர்வைசர் சிரித்தார். நான் கைநாட்டு வைத்த லீவுப் படிவத்தையும் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

“இவனுக்கு எழுத்துத் தெரியாது, அவனுக்குச் சரித்திரம் தெரியாது. நல்ல சோடி!”

சாகும்வரை அந்தச் சிரிப்பு உங்களை விடவில்லை. என்னையும்தான்.

போன ஞாயிறு அந்தக் கல்லடிக்குப் போனேன். உங்கள் சனத்தில் ஆரோ ஒருவரின் கல்லறை என்று நினைத்து, மன்னாரில் ஆத்துமாக்கள் திருநாளில் செய்வதுபோல மெழுகுதிரி கொளுத்தினேன். பக்கத்து வாங்குப் பலகையில் வெள்ளைப் பிரம்போடு இருந்த கிழவர் தீக்குச்சிச் சத்தத்துக்குத் திரும்பினார்.

“மெழுகுதிரி மணக்குதே, ஆருடைய கல்லறை? என்ன எழுதிக் கிடக்கு? எனக்குக் கண் தெரியாது.”

அண்ணை, சூப்பர்வைசரின் அதே குரல்! எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவேன்?

இங்கிலீசில் எழுத்துக் கூட்டி, வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன்.

“கொல்லப்பட்ட ஆர்மேனியர் நினைவாக. கல்லறை இல்லாத எல்லோருக்குமாக.”

என் பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெழுகுதிரியை அணைக்கவில்லை.

“போதும்,” என்றார்.

“இன்னும் ஒரு வரி கிடக்கு, சேர். ‘இது நடந்தது.’”

“நீ ஆர்?”

“நல்ல சோடியிலை மிஞ்சினவன்.”

பிரம்பை ஊன்றி எழும்பப் பார்த்தார், முடியாமல் திரும்ப இருந்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அவரை இருத்திவிட்டுக் கடைக்குப் போன மகள் திரும்பி வந்தாள். “அப்பா ஒவ்வொரு ஞாயிறும் இங்கைதான் இருப்பார். கதைக்க ஒரு ஆள் கிடைச்சது பெரிய உதவி,” என்று எனக்கு நன்றி சொன்னாள்.

ஒவ்வொரு ஞாயிறும் போவேன், அண்ணை. “ஓம், நடந்தது” என்று அவர் வாயால் வரும்வரை வாசிப்பேன். ஓர் எழுத்தும் விடமாட்டேன்.

கைநாட்டு அல்ல, கையெழுத்து:
உங்கள் தம்பி சூசை