அப்பா எழுதிய லேப்டாப் பத்திரம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் இருமல் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியிலேயே நீ ஐயோ அம்மா என்று கத்துவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன், கடிதம் என்றால் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. முதலில் உட்கார்ந்துகொள். கொஞ்சம் தண்ணீர் குடி. நீ என்னிடம் வாங்கிய சத்தியம் போய்விட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அந்தப் பாழாய்ப்போன பழைய லேப்டாப்பால் போனது.

போனில் உன் முகம் பொட்டு அளவுக்குத்தான் தெரிகிறது என்று நான் புலம்பப் போய், எதிர் வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர் விற்க வைத்திருந்த லேப்டாப்பை அப்பா பேசி முடித்தார். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆயுசு முழுக்க ஊரார் வீடும் நிலமும் கைமாறப் பத்திரம் எழுதியவர், ஒரு பொருளைச் சும்மா வாங்கிக்கொண்டு வருவாரா, லேப்டாப்புக்குக் கிரயப் பத்திரம் எழுதினார். வடக்கே திரை, தெற்கே எழுத்துக் கட்டைகள், கிழக்கே சார்ஜர் சொருகும் ஓட்டை, மேற்கே லேசாக உடைந்த மூலை என்று நான்கெல்லை வேறு. மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, இன்று முதல் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று அவர் வாசிக்க வாசிக்க, கடைக்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக்கு நானும் இஸ்திரிக்காரரும். கையெழுத்துப் போட்ட கையோடு அந்த மனிதர், சார், என் அக்கவுண்ட், போட்டோ எல்லாம் இன்னும் இதுக்குள்ளயே இருக்கு, என் பொண்ணு வந்ததும் அழிச்சுட்டுத் தரேனே என்று இழுத்தார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே இதுல உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வாரம்தான் நீ ஸ்கேன் படம் அனுப்பினாய். எது பிள்ளை, எது மேகம் என்று தெரியவில்லை என்றதும், பேர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு சிவப்பில் ஒரு வட்டம் போட்டு மறுபடி அனுப்பினாய். போன தடவை நமக்குத் தங்காமல் போனபோது அப்பா இடிந்துபோய் உட்கார்ந்ததைப் பார்த்தவள் நீ, அதனால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், நானே அப்பாகிட்ட சொல்றேன், அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது என்றாய். நானும் விடவில்லை. படத்தைப் பெரிதாகப் பார்க்கும் ஆசையில், அப்பா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து லேப்டாப்பில் ஏற்றினேன், கண் நிறையப் பார்த்தேன், கொஞ்சம் அழுதேன், மூடி வைத்தேன். லேப்டாப் இன்னும் கண்ணாடிக் கடைக்காரர் அக்கவுண்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அதில் வைக்கும் படமெல்லாம் அவர் வீட்டுப் போனுக்கும் போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்கா, எங்க குடி முழுகிப்போச்சு என்று சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனில் ஸ்கேன் படம் இருந்ததாம், அது எங்கிருந்து வந்தது என்று அவள் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லையாம். வீட்டில் இருப்பதோ கல்யாணமாகாத ஒரே பெண். அவளை வேலைக்குப் போகவிடாமல் அறையில் உட்கார வைத்து, யாருடி அவன் என்று விடிந்ததிலிருந்து கேட்கிறார்களாம், எவனும் இல்லம்மா என்று அவள் தலையில் அடித்துக்கொள்கிறாளாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா என்று போனை நீட்டினாள். பார்த்தால் உன் சிவப்பு வட்டம். இந்தப் பக்கம் உனக்குச் செய்த சத்தியம், அந்தப் பக்கம் ஒரு பாவமும் அறியாமல் அறையில் கிடக்கும் பெண். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே, மனசு கேட்கவில்லை. அது என் பேரனோ பேத்தியோம்மா, வழி தவறி உங்க வீட்டுக்கு வந்துடுச்சு என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். திரும்பினால் தலை துவட்டிய துண்டோடு உன் அப்பா நிற்கிறார்.

அவர் நேராக அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாராம். உன் அப்பா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை, இதையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே அவர்களுக்கு வேண்டியதையெல்லாம் நகல் எடுத்தாள், உன் படத்தை அவர்கள் போனிலிருந்து அழித்தாள், அவள் அப்பாவின் அக்கவுண்டை லேப்டாப்பிலிருந்து எடுத்தாள். அவர் போனில் இது இன்னும் அவருடைய லேப்டாப் என்றே காட்டிக்கொண்டிருந்தது, அதையும் நீக்கி பாஸ்வேர்டை மாற்றினாள். கடைசியில் லேப்டாப்பையே சுத்தமாக அழித்து, கடையில் வாங்கியது மாதிரி ஆக்கி, என் பேரில் திறந்து கொடுத்தாள். மாமா, அத்தனை பக்கம் எழுதினீங்க, இதை எழுதலையே என்று கேட்ட பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அப்பா விடுவாரா, அன்றைக்கே பிழைத்திருத்தல் பத்திரம் எழுத உட்கார்ந்தார். புத்திர பௌத்திர என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிள்ளை, பேரப்பிள்ளை என்று எத்தனையோ குடும்பத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய வார்த்தை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமா இருக்குடி, எழுதட்டுமா என்று என்னைக் கேட்டார். எழுதுங்க என்றேன். எழுதினார், அந்த வரி மட்டும் கோணலாக இருக்கிறது.

நீயும் உன் பழைய லேப்டாப்பை விற்கப் போவதாகச் சொன்னாய், இந்தப் பெண் செய்தது போல எல்லாம் செய்துவிட்டுக் கொடு. பாரம் தூக்காதே, மாப்பிள்ளைக்குக் கை இருக்கிறது. தாயும் பிள்ளையுமாக ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தனக்குத் தெரியும் என்று உன்னிடம் மூச்சு விடக்கூடாது, அவ வாயால கேக்கணும் என்று அப்பாவும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயே புதிதாகச் சொல். கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்பட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை, நீ கண்டுகொள்ளாதே. அழுதார் என்றால் அது மட்டும் பழகியது இல்லை.

இப்படிக்கு,
இரண்டு சத்தியத்தையும் காப்பாற்றாத உன் அம்மா