துடிப்பு துடிப்பாகவே இருக்கட்டும்

மேடம்,

சாலைக் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர்க்காரர் ஒருவர் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். உங்கள் ஆபீஸில் அடித்த அதே புகை மூக்கில் ஏறியதும் என் நடை நின்றுவிட்டது. நம் நாட்டு ஆள் முதன்முதலாக விண்வெளிக்குப் போய் வந்த வருஷத்துக்கு மனசு போய்விட்டது. அதே வருஷம் ஐப்பசியில் டில்லியில் பிரதமரைச் சுட்டார்கள். இரண்டுக்கும் நடுவில், மழைக்காலத்தில், ஆபீஸ் தலைவர் பெரிய சாரோடு உங்கள் சண்டை. எழுத்து தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் முடிந்து வைக்க முடியும். நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டுச் செல்வி எழுதுகிறாள்.

உங்கள் ஆபீஸ் வாசலில் என் டீக்கடை. உள்ளே நீங்கள் செய்தது, இன்னொரு யந்திரத்தைப் போலவே நடிக்கும் யந்திரம். அசல் தன் துடிப்புகளை எண்ணி நேரம் பார்க்கும். நகலில் ஓர் இடத்தில் துடிப்பை வினாடிக் கணக்காக மாற்றி, அடுத்த இடத்தில் அதையே திரும்பத் துடிப்பாக்கினார்கள். மாற்றும்போதெல்லாம் ஒரு துணுக்கு உதிரும். காலையில் சேர்ந்து புறப்பட்ட இரண்டும் சாயங்காலம் சேர்ந்து நிற்காது.

இந்த மாற்றலே வேண்டாம், எடுத்துவிடலாம் என்றீர்கள். பெரிய சார் ஒப்பவில்லை. உதிர்ந்ததை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் எழுதிச் சேர்க்கச் சொன்னார். "ஓடுன்னது ஓடட்டே, தொடண்ட" என்றார் மலையாளத்தில், ஓடுகிறது ஓடட்டும், தொடவேண்டாம் என்று. மீறினால் வேலையைப் பிடுங்கி டைப் அடிக்க உட்கார்த்துவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அந்த வாரம் அவருக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கடிக்க வடை, பஜ்ஜி ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "சாய மதி" என்றார்கள். டீ மட்டும் கிடைத்தால் போதும் என்று அர்த்தம். என் மாஸ்டர் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவர், மலையாளம் அரைகுறைதான். அவருக்காகத் தமிழாக்கி, "டீ போதுமாம்" என்றேன். குடித்து முடித்துவிட்டார்கள் போல என்று அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார். வராத டீக்காகப் பெரிய சார் என்னைக் காய்ச்சி எடுத்தார்.

நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "அண்ணாச்சி, வழியில ஏன் மொழிய மாத்துனீங்க? கேட்டத அப்படியே கொண்டு போயிருக்கலாம்லா?" பிறகு பெரிய சார் பக்கம் திரும்பினீர்கள். "நம்ம கடிகாரத்துக்கும் இதே கதிதான் சார். துடிப்பு துடிப்பாவே போகட்டும். மனுஷன் பார்க்கிற திரையில மட்டும் வினாடியா மாத்துவோம்."

 நீங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே நடுவில் இருந்த மாற்றலையெல்லாம் எடுத்துவிட்டு, காலையில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டீர்கள். பொழுது சாய நான் டீயோடு உள்ளே வந்தபோது நீங்களும் பெரிய சாரும் மட்டும் இருந்தீர்கள். இரண்டு திரையிலும் ஒரே நேரம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருந்ததைக் குறைத்தாயே தவிர புதிதாக என்ன செய்தாய் என்று கேட்டார். "குறைச்சதுதான் சார் வேலை" என்றீர்கள்.

போன மாதம் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம். மேடையில் ஒருவர், அந்த யந்திரம் பெரிய சாரின் படைப்பு, நீங்கள் துணைக்கு இருந்தவர் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து, பொய் என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். கூட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பெண் கிட்டே வந்து, இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"பெரிய சார் போயாச்சு. மேடமும் போயாச்சு. அந்த அறையில நின்னதுல உசிரோட இருக்கிறது ஒருத்தன். பேரு இசக்கிமுத்து. எழுதிக்கோம்மா" என்றேன்.