நாணயக் கோடுகள்

அன்புள்ள மாஸ் தாமர்,

ஆம், உங்கள் அப்பா முதல்முறை வந்தபோதும் அவசரப் பிரிவில் மருத்துவராக நான்தான் இருந்தேன்.

"நேத்து மோட்டார் சைக்கிளோட விழுந்தேன்மா. அப்புறம் உடம்புல காத்து பூந்துடுச்சு" என்று சட்டையைத் தூக்கினார். அந்தக் காற்றை எடுக்க உங்கள் அம்மா எண்ணெய் தடவி ரூபியா நாணயத்தால் சுரண்டிய சிவப்புக் கோடுகள் நெஞ்சு முழுவதும் இருந்தன.

"ரொம்ப நாள் கோபத்த அம்மா தீர்த்துக்கிட்டாங்க போல" என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தக் கோடுகளுக்கு அடியில், வண்டியின் கைப்பிடி இடித்த கன்றல் இருந்தது. நான் விலாவை அழுத்திக்கூடப் பார்க்காமல் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

அன்று மதியமே உதடு நீலம் பாரித்துத் திரும்பி வந்தார். வலப்பக்கம் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல் நெஞ்சில் ஊசியைக் குத்தினேன். நுரையீரலை நசுக்கிக்கொண்டிருந்த காற்று சீறி வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "காத்துன்னு சொன்னேன்ல?" என்றார்.

"எம் புருஷன காப்பாத்திட்டியே" என்று அம்மா என் கையை முத்தமிட்டு அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் முதலில் நன்றி எழுதிவிட்டு, பிறகுதான் முதல்முறை பார்த்ததும் நானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல்முறை அவர் நெஞ்சைத் தொட்டுப் பரிசோதிக்கவில்லை என்று அப்பாவின் கோப்பில் இன்றைய தேதியிட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

உங்கள் மனைவி