மூடியில் பூசிய சந்தனம்

அன்று படகில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அண்ணாச்சி, எஞ்சினை நிப்பாட்டுனது இவ இல்ல, நீங்க பூசுன சந்தனம்." நுனிநாக்கு வரை வந்துவிட்டது. நீ என் காலை மிதித்தாய். விழுங்கிவிட்டேன்.

இன்று தென்காசியில் ஒரு கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். பன்னீர் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அது எனக்கு இப்போது பெட்ரோல் வாசனை, குளத்துப் பாசி வாசனை, அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் போகாத உடம்போடு வந்து உட்கார்ந்த ஆண்களின் வாசனை. கிண்ணத்தைத் தொடாமல் உள்ளே போனேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, குளத்தில் படகு விட்ட முதல் நாள் அது. படகு விடும் உரிமையை ஏலம் எடுத்திருந்த அண்ணாச்சியிடம் பெடல் படகுகள் பல இருந்தாலும் மோட்டார் படகு ஒன்றுதான். முதல் சுற்றைச் சரியாக ஓட்டினால் சீசன் முழுக்க அது உனக்கு என்று பேச்சு. உன் அப்பாவின் பம்ப்செட் பட்டறையில் வளர்ந்தவள் நீ. எஞ்சின் உனக்குப் புதிதில்லை. அதைத் தண்ணீர்மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் உன் ஆசை. "டிக்கெட் கிழிக்கவாட்டி நான் பொறந்தேன்?" என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

பூஜையில் அண்ணாச்சி எதையும் விடவில்லை. கைப்பிடி, இருக்கை, எஞ்சின் மண்டை, பெட்ரோல் டேங்கின் மூடி என எல்லாவற்றிலும் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். டேங்கின் பக்கத்தில் சூடம் கொளுத்தப் போனவரை நீதான் தடுத்தாய்.

நடுக்குளத்தில் எஞ்சின் இருமி நின்றது. படகில் நம்மைத் தவிர அண்ணாச்சியும் அவருடைய கூட்டாளிகள் இருவரும். பிரியாணிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆளாளுக்கு எஞ்சின் கயிற்றை இழுத்தார்கள்.

"பெட்ரோல் இருக்காலே?"

"இருக்கு மாப்ளே. பொட்டப்புள்ள கையில குடுத்தா இப்பிடித்தான்."

அப்படிச் சொன்ன கூட்டாளி எலும்பைத் தண்ணீரில் துப்பிவிட்டு உன் பக்கம் திரும்பினார். "ஏட்டி, வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு ஏறிட்டியா? உள்ளதைச் சொல்லு."

மற்றவர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நிஜமாகவே உன் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தச் சிரிப்பைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நீ எஞ்சின் பக்கம் திரும்பினாய். கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் சிவப்புக் கயிறு சரியாக மாட்டியிருக்கிறதா, கியர் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தாய். பிறகு பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தைத் தொட்டாய். அது சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல ஒட்டிக் கிடந்தது. டேங்கின் மூடியைத் திருகினாய். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, பந்து உப்பியது. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வரும் என்று மூடியில் விட்ட சின்ன ஓட்டையைச் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தது. நான் வாயைத் திறந்தது அப்போதுதான்.

தலையிலிருந்து ஊசியை உருவி ஓட்டையைக் குத்திவிட்டு மூடினாய். பந்தை அமுக்கிக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியாலே, திருமலைக் குமாரன் கைவிடல" என்று அண்ணாச்சி முருகனை நினைத்துப் பிரியாணி விரல்களாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். கரை சேர்ந்ததும் நீ உட்கார்ந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். உன் செருப்பிலும் தெறித்தது.

பேருந்தில் உன்மேல் எரிந்து விழுந்தேன். "சொல்லியிருந்தா அவருக்கு மூஞ்சி போயிரும், எனக்குப் படகு போயிரும்ட்டி" என்றாய்.

படகு எப்படியும் போயிற்று. மறுநாள் அதை அண்ணாச்சியின் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு, உன்னை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் பூஜை, சந்தனம். எஞ்சின் அதே நடுக்குளத்தில் நின்றது. அண்ணாச்சியும் படகில் இருந்தார். சாரல் கனத்தது. நான் உன் ஜன்னலருகே நின்றிருந்தேன்.

"போகலியா?" என்றேன்.

"கொஞ்சம் இருட்டி. பிரியாணி நல்லா நனையட்டும்."

நீ பழிவாங்கியது அவ்வளவுதான். பிறகு நீயே பெடல் படகை மிதித்துப் போய், அவர்கள் கண்முன்னே ஓட்டையைக் குத்திக் காட்டினாய். தங்கை மகனிடம் யாரும் தூரமா என்று கேட்கவில்லை. அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் நீ டிக்கெட்தான் கிழித்தாய், சீசன் முடியும்வரை. கார்த்திகையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் தலை ஊசி ஒன்றை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஊசிதானா என்று தெரியாது. தினமும் தலையில் குத்திக்கொள்கிறேன். ஆண்கள் சிலர் கூடி நின்று ஒரு பெண்ணின் பதிலுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தால் கை தானாக அங்கே போகிறது.

புதுச் சீசன் தொடங்கியதும், போன வாரம் குளத்துப் பக்கம் போனேன். தங்கை மகன் மூடிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, உடனே ஒரு ஊசியால் நடுவில் குத்தினார். அது எதற்கு என்று கேட்டேன்.

"காத்து போகணும்லா. எங்க மாமா கண்டுபிடிச்சது, அக்கா" என்றார்.