நாலு அருவாளும் ஒரு ஜோடிச் செருப்பும்

2025 அக்டோபர் 23, வியாழன்

பூவனநாதன் அண்ணாச்சி ஒரு சாக்கு அனுப்பியிருக்கிறார். அவிழ்த்தால் நாலு அருவாள், புத்தம் புதுசு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். என் முதல் படத்துக்குத் தயாரிப்பாளர்.

போனில் சொன்னார்: "ஆனந்தி, நம்ம ஊர்க் கொலைக் கதைன்னா மொத சீன்லயே நாலு பேரு அருவாளோட ஓடணும். மேல ட்ரோன் சுத்தணும். ரத்தம் திரையில தெறிக்கணும். பத்து நாள்ல அந்த ஒரு சீனை எடுத்துக் காட்டு. இல்லேன்னா வேற டைரக்டர் ரெடியா நிக்கான்."

இருபத்தொன்பது வருஷமாக இந்தப் புதூரில் இருக்கிறேன். பஸ்ஸுக்கு ஓடினவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அருவாளோடு ஓடினவன் சினிமாக்காரன் கண்ணில் மட்டும் எப்படிப் படுகிறான்?

எடுக்க மாட்டேன்.

அக்டோபர் 24

அம்மா ஒரு அருவாளை எடுத்துப்போய் ஆட்டுக்கு வேப்பங்குழை வெட்டிவிட்டாள். "ஏட்டி, நல்லா வெட்டுது!" வெட்டட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டதும் நாகலாபுரம் கரிசல் காட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டோம். நான் எழுதியது இது: ஒருவன் கொலை செய்துவிட்டு ஈரக் காட்டு வழியே செருப்போடு நடந்து வருகிறான். டீக்கடையில் உட்கார்ந்து, பஸ்ஸில் வந்ததாகச் சொல்கிறான். செருப்பில் அப்பிய சேறு அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

நடித்தது கண்ணுசாமி. காடு உழுகிற ஊர்ச் சம்சாரி, காமிரா முன்னால் நிற்பதே முதல் தடவை. மூன்று எட்டு வைத்தார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கட். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை எனக்கு வந்ததே கோபம். "செருப்போட நடங்கன்னு எத்தனை தடவ சொல்லுதது!"

"கரிசல் சேத்துல எவம்மா செருப்போட நடப்பான்? தன்னால கை போயிருதுல்லா."

செல்வகணேஷ் சிரித்தான். சென்னைக் காமிராமேன், இரண்டு ஷூவும் சேற்றில் மாட்டி நகர முடியாமல் நின்றவன், என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஏன் என்று குனிந்து பார்த்தேன்.

என் செருப்பும் என் கையில்தான் இருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணாச்சியைச் சொன்னேனே — நான் எதைப் பார்த்து எழுதினேன்? நானும் சினிமாவைப் பார்த்துத்தானே!

எழுதியதைக் கிழித்தேன். நடையே வேண்டாம். டீக்கடையில் ஆரம்பம். காமிரா தரையோடு தரையாக. பெஞ்சுக்குக் கீழே இரண்டு பாதம், கணுக்கால் வரை கருஞ்சேறு. பக்கத்தில் செருப்பு, ஒரு பொட்டு மண் இல்லாமல். முகம் கிடையாது, குரல் மட்டும்: "இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி ரோட்டு வழியா வாரேன்." இன்னொரு குரல்: "காட்டுல யாரையோ கொன்னு போட்டிருக்காம்லா." பாதம் மெல்லப் பின்னால் நகர்கிறது.

ஐம்பது விநாடி. அருவாள் வெட்டும் இல்லை, எடிட்டிங் வெட்டும் இல்லை.

அக்டோபர் 30

பின்னணிக்கு ஒரு ட்ரம்ஸாவது போடலாம் என்று செல்வகணேஷ் கெஞ்சுகிறான். டீ ஆற்றுகிற சத்தம் போதும். அமைதிக்குப் பயப்படுகிறவன் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

அண்ணாச்சி ஆபீஸில் போட்டுக் காட்டினேன். "அருவா எங்க?" என்றார். திரையைக் காட்டினேன். பாதம் நகர்ந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏ, இவன் ரோட்டு வழியா வரலையே! செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுக் காட்டு வழியால்லா வந்திருக்கான்!" அப்புறம் குரல் இறங்கியது. "கொன்னது இவந்தானா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே அண்ணாச்சி."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, இது இருக்கட்டும். ரெண்டாவது சீன்ல அருவாள வச்சுக்கிடு."

"வைக்க மாட்டேன்."

வேற டைரக்டர் ரெடியாக நிற்பது ஞாபகம் வந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். "யோசிச்சிச் சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 9

போன் இல்லை. வராவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

பொய். குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கொண்டு போகிறேன்.

2026 ஜனவரி 21, புதன்

காடு காய்ந்து வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. காலை ஆறரைக்கு இரண்டாவது காட்சி எடுக்கிறோம். கண்ணுசாமி சீக்கிரமே வந்துவிட்டார்.

அண்ணாச்சி அனுப்பிய லைட் வண்டியோடு அவர் ஆளும் வந்தான், சாக்கைத் திரும்ப வாங்கிப்போக. அவிழ்த்துப் பார்த்தான். "மேடம், மூணுதானே இருக்கு?"

"ஒண்ணு ஆட்டுக்குக் குழை வெட்டப் போயிருக்கு" என்றேன்.